பேர் சொல்லாத வைத்தியம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் வெறுமனே 'டீச்சர்' என்று சொன்னால் அது ஒருவரைத்தான் குறிக்கும். மற்றவர்களுக்கெல்லாம் முன்னால் ஓர் ஒட்டு வேண்டும். இந்தி டீச்சர், சயின்ஸ் டீச்சர். நான் தையல் டீச்சர். கணக்கு டீச்சருக்கு மட்டும் ஒட்டு தேவைப்படவில்லை. கேரள எல்லைக்குள், பாலக்காட்டு வடகரப்பதிப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம் அது. ஊரில் பாதி வீடுகளில் அப்பனுக்கும் அவர்தான் கணக்குச் சொல்லிக்கொடுத்தார், மகனுக்கும் அவர்தான். சந்தையில் டீச்சரைக் கண்டால் இரண்டு பேரும் சேர்ந்தே ஒளிவார்கள்.

விடை மட்டும் எழுதி வழி எழுதாத பிள்ளைக்கு முட்டைதான். "விட எப்புட்றா வந்துச்சு? காத்துல வந்துச்சா? வழி எங்க?" என்று கேட்பார். பெஞ்சு மேல் ஏற்றமாட்டார், அடிக்கமாட்டார். அந்தக் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பக்கத்திலேயே நிற்பார். அதற்கு அடியே தேவலை என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

இப்படிப்பட்ட மனுஷி, ஒருவன் தாடி வைத்துக்கொண்டு "எல்லாம் வாயுதாம்மா" என்று சொல்லிவிட்டால் வாயைத் திறக்கமாட்டார். வழி எங்கே என்று அவனை ஒரு நாளும் கேட்டதில்லை.

வைத்தியம் பார்த்துக்கொள்வதில் டீச்சருக்கு அப்படியொரு பித்து. கோயமுத்தூர் எல்லையிலிருந்து இந்தப் பக்கம், எவன் எந்த மரத்தடியில் உட்கார்ந்து எதை உருட்டினாலும் டீச்சர் போய்க் கையை நீட்டிவிட்டு வந்துவிடுவார். காந்தக் காப்பு போட்டார். செம்புக் காப்பு போட்டார். இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு போர்டில் எழுதும்போது ஒரு சத்தம் வரும். ஒரு மாதம் முழுக்கக் கழுத்தில் மண்பட்டி. வகுப்பில் முதல் பெஞ்சுக்குப் புது மழை பெய்த வாசனை அடித்ததாம். தொட்டுச் செய்கிற சிகிச்சை, தொடாமலே செய்கிற சிகிச்சை, போனில் செய்கிற சிகிச்சை எல்லாம் ஆயிற்று. நாங்கள் சிரித்தால், "பாத்துப்போட்டா என்னுங்க கொறஞ்சா போயிருது?" என்பார்.

குறைந்து போனது எங்கள் ஹெச்.எம்.முக்குத்தான். அவருக்கு எப்போதும் வயிறு உப்புசம். எங்கிருந்தோ வாங்கி வந்த பச்சைப் பொடி ஒன்றை டீச்சர் அவருக்கு மோரில் கலக்கிக் கொடுத்தார். அன்றைக்குப் பார்த்து ஏ.இ.ஓ. ஆபீஸிலிருந்து ஆள் வந்துவிட்டது. ஹெச்.எம். வந்தவரைக் கழிப்பறைக்கு உள்ளிருந்தே வரவேற்றார். "உட்காருங்க சார், இதோ வந்துட்டேன்" என்ற குரல் ஒரு மணி நேரத்துக்கு விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. வந்தவர் டீயைக் குடித்துவிட்டு, பதிவேடு ஒன்றையும் திறந்து பார்க்காமல் போய்விட்டார். "பாத்தீங்களா, எத்தன நல்ல பொடின்னு" என்றார் டீச்சர். ஹெச்.எம். அன்றிலிருந்து டீச்சர் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கவில்லை.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். ஆனால் இத்தனை வைத்தியமும் எதற்கு என்று எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

டீச்சர் புடவை கட்டினால் கொசுவம் விசிறி மடிப்பாக நிற்கும். காலையில் கட்டியது சாயங்காலம் பஸ் ஏறும்வரை குலையாது. தையல்காரி கண்ணுக்கு அது தப்புமா? ஒரு வருஷம் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது அந்த மடிப்பு கோணியிருந்தது. அடுத்த வாரம் மடிப்பே இல்லை, கையில் அள்ளிச் செருகினது போல இருந்தது, மேலே இரண்டு ஊக்கு. கொசுவம் மடிக்க இரண்டு கையும் வேண்டும். ஒன்று மடிக்க, ஒன்று பிடிக்க. பிடிக்கிற கை பிடிக்கவில்லை என்று எனக்கு அப்போதே பட்டது.

"டீச்சர், எடது கைக்கு என்னுங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல அம்முணி, சித்த மரத்துப் போகுது. காத்து புடிச்சிருக்குது."

காற்று வருஷம் முழுக்கப் பிடித்தது. டஸ்டர் விழுந்தது, டம்ளர் விழுந்தது. காலையில் தலைவலி என்று நெற்றியில் பற்றுப் போட்டுக்கொண்டு வருவார். பெல் அடிப்பதற்கு முன்னால் நான் தையல் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அவருக்குக் கொசுவம் எடுத்துவிடுவேன். அப்போதெல்லாம் டாக்டரிடம் போகலாம் என்று நச்சரிப்பேன். அவருடைய வீட்டுக்காரர் தென்னந்தோப்பு வைத்திருந்தார். அவரும் சொல்லி ஓய்ந்திருந்தார். "ஊர்ப் புள்ளைக்கெல்லாம் கணக்குச் சொல்லித் தாறா, எங்க பேச்சு மட்டும் அவ காதுல ஏறாதுங்க" என்று என்னிடம் ஒரு தடவை அழாத குறையாகச் சொன்னார்.

ஆனைகட்டிக்கு ஒரு தடவை டீச்சர் என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே பங்களா மாதிரி ஒரு வீட்டில் ஒருத்தர், கையைத் தொடாமல், மேலே ஓர் அங்குலம் விட்டுத் தடவினார். தடவிவிட்டுக் கையை உதறினார். உதறியது என் மேல் விழாமல் நான் நகர்ந்து உட்கார்ந்தேன். வெளியே வந்ததும் டீச்சருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

"என்ன சீக்குன்னு அவரு சொன்னாருங்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் அவரு சொல்றதில்ல. அதான் அவருகிட்ட எனக்குப் புடிச்சது" என்றார் டீச்சர். பஸ்ஸுக்கு நிற்கும்போது அவராகவே சொன்னார். "எங்கக்கா நல்லாத்தான் இருந்தா அம்முணி. கோயமுத்தூர்ல கொண்டுபோய்க் காட்டுனாங்க. அந்த டாக்டரு ஒரு பேரச் சொன்னாரு. பேரு வெக்கறதுக்கு மின்ன வரைக்கும் ஆட்டுக்குத் தழ ஒடிச்சிட்டு இருந்தவ, பேரு வெச்சதும் படுத்தா. எந்திரிக்கவே இல்ல."

அன்றைக்குத்தான் எனக்கு வெளிச்சமாயிற்று. டீச்சர் ஏமாறவில்லை. தேடித்தேடிப் பேர் சொல்லாத வைத்தியனாகப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். வாயு, சூடு, அடைப்பு, திருஷ்டி, எதை வேண்டுமானாலும் சொல்லலாம். பேரைச் சொல்லிவிடக் கூடாது. எனக்குச் சிரிப்பு போயிற்று. அதற்குப் பிறகு அவருக்குக் கொசுவம் எடுத்துவிடும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும்.

அடுத்த வருஷம் ஓண லீவில் ஸ்டாஃப் டூர் போனோம். வேன் பிடித்து இடுக்கி. வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில், ஏலக்காட்டுக்கு நடுவே ஒரு ரிசார்ட். ஹெச்.எம்.மின் மச்சானுக்குத் தெரிந்தவர் நடத்துவது. காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சுவரில் இருந்த போர்டை டீச்சர்தான் முதலில் பார்த்தார். 'சவுண்ட் ஹீலிங்.' தங்குகிறவர்களுக்கெல்லாம் ஒரு தடவை சும்மாவே செய்வார்களாம். சும்மா என்றதும் ஹெச்.எம்.மும் எழுந்துவிட்டார். பதினோரு மணிக்குத் தேக்கடிப் படகுக்குக் கிளம்ப வேண்டும், அதற்குள் முடிந்துவிடும் என்றார்கள்.

மரத்தளம் போட்ட பெரிய அறை. நடத்துகிறவர் வடக்கே எங்கிருந்தோ வந்தவர். வெள்ளைப் பைஜாமா, உச்சிக்குடுமி, மூச்சு விடுவது போல ஒரு பேச்சு. மலையாளம் இரண்டு வார்த்தை, மற்றதெல்லாம் இங்கிலீஷ். உங்களுக்கு என்ன நோய் என்று நான் கேட்கமாட்டேன், நோய்க்குப் பேர் எதுவும் வேண்டாம், சத்தம் தானாகவே தேடிப்போய்க் குணமாக்கும் என்றார். டீச்சர் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். தங்கம் கிடைத்த பார்வை. எல்லோருக்கும் முன்னால் நடுப் பாயில் போய்ப் படுத்துக்கொண்டார்.

குடுமிக்காரர் எல்லோரையும் மல்லாக்கப் படுக்கச் சொன்னார். எஸ்டேட்டுப் பக்கத்து அம்மா ஒருத்தர் அங்கே வேலைக்கு இருந்தார். அவர் ஒவ்வொருவர் மேலும் வெள்ளைத் துணியைக் கழுத்துவரை போர்த்திவிட்டார். கால் இரண்டு பக்கமும் சாய்ந்து போகாமலிருக்கப் பெருவிரல் இரண்டையும் சேர்த்து மெத்தென்று ஒரு பட்டையைப் போட்டுவிட்டார். நெஞ்சின் மேல் ஒரு பூ. அப்போதே எனக்கு என்னவோ போலிருந்தது. "கண்ணடைக்கூ" என்றார் குடுமிக்காரர். கண்ணை மூடிக்கொண்டோம்.

முதலில் கிண்ணத்தைத் தேய்த்து ஒரு ரீங்காரம். நன்றாகத்தான் இருந்தது. ஹெச்.எம். குறட்டையைத் தொடங்கிவிட்டார். அப்புறம் தாம்பாளம் போலத் தொங்கிய ஒரு வெண்கலத் தட்டை அடித்தார். ஓர் அடி. நிறுத்தி, அது அடங்கியதும் இன்னோர் அடி.

எங்கள் பக்கத்தில் இந்தத் தட்டுக்குச் சேமக்கலம் என்று பேர். சாவு விழுந்தால்தான் இந்த நிதானத்தில் அடிப்பார்கள். அடித்துவிட்டு அடுத்து என்ன வரும் என்று எங்கள் ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். ஐயோ, வேண்டாம் என்று நான் நினைப்பதற்குள் அந்தப் புண்ணியவான் சங்கை எடுத்து ஊதிவிட்டார். நீளமாக, எங்கள் தலைமாட்டில் நின்று.

எனக்குப் பக்கத்தில் இந்தி டீச்சரின் வெள்ளைத் துணி குலுங்க ஆரம்பித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. கால்விரல் கட்டியிருக்கிறது, நெஞ்சில் பூ இருக்கிறது, சங்கும் ஊதியாயிற்று, இனிமேல் தூக்க வேண்டியதுதான் பாக்கி. அறை முழுக்கப் பிணங்கள் சிரித்தன. அது சக்தி வெளிப்படுகிறது என்று நினைத்தாரோ என்னவோ, குடுமிக்காரர் உற்சாகமாக மறுபடியும் ஊதினார்.

"நிறுத்துப்பா."

வகுப்பில் கேட்கிற அதே குரல்.

"நிறுத்து. நான் இன்னும் இருக்கறன்."

சங்கு பாதியில் நின்றது. ஹெச்.எம். விழித்துக்கொண்டு, "யாரு, யாருக்கு?" என்றார். நாங்கள் வெடித்துவிட்டோம். இந்தி டீச்சர் உருண்டே போய்விட்டார். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. வலது கையால் துணியை விலக்கினார். எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. இடது கை பாயிலேயே கிடந்தது. அதை அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அம்முணி, எனக்குக் கை வரமாட்டீங்குது."

எங்கள் சிரிப்பு அப்படியே அற்றுப் போயிற்று.

குடுமிக்காரர் பக்கத்தில் வந்து மண்டியிட்டார். நல்ல மனுஷன்தான், பயந்து போயிருந்தார். ஆனாலும் வாய் பழகின பேச்சையே பேசியது. இது நல்லது, உள்ளே இருக்கிற அடைப்பு வெளியேறுகிறது என்றார்.

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "என்ன அடைப்பு? எங்க அடைச்சிருக்குது? எந்த வழில வெளிய போகுது?"

அவருக்குத் தமிழ் புரியவில்லை. சயின்ஸ் டீச்சர் இங்கிலீஷில் சொன்னார். டீச்சர் காத்திருந்தார். பிள்ளைகளிடம் காத்திருப்பது போலவே, பக்கத்தில் வைத்துக்கொண்டு. கடைசியில் குடுமிக்காரர், "ஃபீல் இட்" என்று மெல்லச் சொன்னார்.

"முட்டை" என்றார் டீச்சர். பிறகு என்னிடம், "ஆசுபத்திரிக்குப் போலாம் அம்முணி" என்றார்.

நானும் சயின்ஸ் டீச்சருமாகத் தாங்கிப் பிடித்து வெளியே கூட்டிவந்தோம். எஸ்டேட்டு அம்மா செருப்பை எடுத்து வந்து கால்மாட்டில் வைத்தார். "தப்பா நெனைக்காதீக டீச்சரு. சங்கு ஊதயில நா வெளிய போய் நின்னுக்கிருவேன். ஆனா வெள்ளக்காரங்கல்லாம் தெனமும் செத்து எந்திரிச்சு, காப்பி குடிச்சிட்டுத்தான் போறாக. ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். டீச்சர் அப்போதுதான் லேசாகச் சிரித்தார்.

வேனைக் கம்பம் மெட்டு வழியாகக் கீழே இறக்கி மதுரைக்கு விட்டோம். டீச்சர் மனசு மாறுவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று எனக்கு உயிர் போயிற்று. ஒவ்வொரு வளைவிலும் டிரைவரை விரட்டினேன். ஹெச்.எம்.முக்குப் படகு போன துக்கம் கம்பம் வரைக்கும் இருந்தது. அதற்கப்புறம் அவரும் அதை மறந்துவிட்டு, ஜன்னல் பக்கம் டீச்சருக்கு வெயில் படாமல் துண்டைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"பயமா இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"இருக்குது" என்றார் டீச்சர். கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னார். "சாவறதப் பத்தி ஒரு தைரியம் இருந்துச்சு அம்முணி. என்ன நடந்தாலும் எனக்குச் சங்கு ஊதறப்ப அது என்ற காதுல உளுகாதுன்னு. இப்பக் கேட்டுப்போட்டன்."

"கேட்டா என்னுங்க?"

"நல்லாவே இல்ல."

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கவலைப்பட்டுக்கொண்டே படிப்பீர்கள். ஆபரேஷன் ஆயிற்று. பிழைத்துக்கொண்டார். மொட்டைத் தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்து, ஓய்வு பெறுகிறவரைக்கும் பிள்ளைகளிடம் வழி கேட்டார். இடது கை முக்கால்வாசி வந்தது. ஊக்கு இல்லாமல் கொசுவம் நிற்காது, அவ்வளவுதான். திருந்தினாரா என்று கேட்டால், இல்லை. இப்போது கோயமுத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே ஏதோ ஒரு வாழைப்பட்டை வைத்தியத்துக்குப் போய்க்கொண்டிருப்பதாகக் கேள்வி. ஆனால் டீச்சர் என்றதும் என் மனசில் வருவது இதெல்லாம் இல்லை. அன்று மதுரையில் அந்த டாக்டரின் அறையில் நடந்ததுதான்.

ஸ்கேன் எடுக்க அவரை ஒரு குழாய்க்குள் படுக்க வைத்துத் தள்ளினார்கள். உள்ளே பறை அடிப்பது போல ஒரே இரைச்சல். கதவுக்கு வெளியே எனக்கே கேட்டது. முடித்துக்கொண்டு வெளியே வந்த டீச்சர், "அந்தக் குடுமிக்காரனவிட இவன் நல்லா அடிக்கறான்" என்றார். அப்போது சாயங்காலம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தோம். அவருடைய வீட்டுக்காரர் ஊரிலிருந்து பஸ் ஏறிவிட்டதாகப் போன் செய்திருந்தார்.

டாக்டர் டீச்சரையும் என்னையும் ஹெச்.எம்.மையும் உள்ளே கூப்பிட்டார். எங்களைவிட வயதில் சின்னவர். மேஜை மேல் படம். அதைப் பார்த்துவிட்டு டீச்சரைப் பார்த்தார். பிறகு ஹெச்.எம்.மைப் பார்த்து, "நீங்கதான கூட வந்தவங்க? நீங்க இருங்க சார். அம்மா சித்த நேரம் வெளிய உக்காரட்டும்" என்றார். பெரியவர்களுக்குச் சீக்கு என்றால் எங்கும் நடக்கிற மரியாதைதான் அது. ஹெச்.எம். தொண்டையைச் செருமிக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்தார். நான் டீச்சரைத் தூக்கிவிடக் கை கொடுத்தேன். இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவருக்கு ஏது? எழுந்து வெளியே போய்விட்டால் போதும். வீட்டுக்காரர் காதில் ஒருவர் சொல்லுவார், மகள் காதில் இன்னொருவர் சொல்லுவார், டீச்சர் காதில் மட்டும் கடைசிவரைக்கும் வாயுதான்.

டீச்சர் எழுந்திருக்கவில்லை.

"ஏனுங்க டாக்டர்," என்றார். "படம் எடுத்தது என்ற தலைலதானுங்க? சாரு தலைல இல்லீங்களே?"

டாக்டர் சிரிக்கப் பார்த்தார், சிரிக்க முடியவில்லை. "இல்லீங்கம்மா, முதல்ல அவங்ககிட்ட..."

"அவரு சமூகப் பாடம். அவருக்கு இதெல்லாம் புரியாதுங்க." வலது கையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நான் இருக்கறப்பவே சொல்லுங்க. பேரச் சொல்லுங்க."

டாக்டர் படத்தை டீச்சர் பக்கமாகத் திருப்பி வைத்தார். "மூளைக்கு மேல இருக்கற உறையில ஒரு கட்டிங்கம்மா. இதுக்கு மெனிஞ்சியோமான்னு பேரு."

"இன்னொருக்காச் சொல்லுங்க."

சொன்னார். டீச்சர் உதட்டுக்குள் அதைச் சொல்லிப் பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. ஆனாலும் படுத்துவிடவில்லை, சாயவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "சரிங்க," என்றார். "இப்ப வழியச் சொல்லுங்க."

நான் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். இடது கை. நான் பிடித்திருப்பது அவருக்குத் தெரியவில்லை.